முருங்கையிலையும் இமாட்டினிப்பும்: திருகோணமலையில் நடந்த ஒரு கணினித் தேடலின் நிகழ்வு ஆய்வு

எங்கள் மாணவர் ஆய்வொன்றின் பிழையான முடிவை நம்பி, குருதிப் புற்றுநோயாளர் ஒருவர் இமாட்டினிப் என்ற தம் மாத்திரையை நிறுத்திவிட்டு முருங்கையிலைச் சாறு குடித்த நிகழ்வு இது. இதில் வரும் மாணவர்களின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ நோயாளியின் பெயரோ குறிப்பிடப்படவில்லை. நோயாளியும் அவருடைய மனைவியும் முழுவதையும் வாசிக்கக் கேட்டு, வெளியிடச் சம்மதித்திருக்கிறார்கள். ஆய்வை வழிநடத்திய விரிவுரையாளர் என்ற முறையில் பிழையின் பெரும்பங்கு என்னுடையது. அதனால் எழுதும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

பின்னணி

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருகோணமலையிலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் இறுதியாண்டு மாணவர் நால்வர் தமது ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். முந்திய ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் இரசாயனப் பொருட்கள் வந்து சேராமல் ஆய்வுகூட அலுமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. கலங்களை வளர்த்துப் பரிசோதிக்கும் வசதி எங்களிடம் எக்காலத்திலும் இருந்ததில்லை. மடிக்கணினிகளும் இணைய இணைப்பும் மட்டும் இருந்தன. தாவரச் சேர்மங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக ஒரு புரதத்துடன் பொருத்திப் பார்த்துத் தரவரிசைப்படுத்தும் டொக்கிங் முறைக்கு இவ்வளவும் போதும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தோம். ஒட்டோடொக் வீனா என்ற மென்பொருள் இலவசமானது; பப்கெம் தரவுத்தளத்தில் மூலக்கூறுகளின் கட்டமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன; சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2018இல் வெளியிட்ட இம்பாட் தரவுத்தளத்தில் எந்த மூலிகையில் எந்தச் சேர்மம் உண்டு என்பது தொகுக்கப்பட்டிருக்கிறது.

நோயாக நாட்பட்ட மைலோயிட் லியூக்கேமியாவை எடுத்துக்கொண்டோம். குருதிப் புற்றுநோய்களுள் காரணம் மிகத் தெளிவாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உருவாகும் குட்டையான நிறமூர்த்தம் 1960இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்டது. அது இரு துண்டுகளின் இடமாற்றத்தால் உண்டாவது என்பதை 1973இல் ஜெனெட் ரவுலி காட்டினார். அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் பிசிஆர்–ஏபிஎல் என்ற புரதத்தில் ஏபிஎல் நொதியம் நிறுத்தமில்லாமல் இயங்கி, வெண்குருதிக் கலங்களைப் பெருக்கிக்கொண்டேயிருக்கும். அந்த நொதியத்தின் குழிக்குள் நுழைந்து அதை முடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோய், நாள்தோறும் மாத்திரை எடுத்து ஆண்டுக்கணக்கில் வாழக்கூடிய நோயாக அதன் பின்னரே மாறியது.

தாவரத்திலிருந்து குருதிப் புற்றுநோய்க்கு மருந்து வரும் என்ற மாணவர்களின் நம்பிக்கை வீணான நம்பிக்கையன்று. திருகோணமலைக் கோயில் வீதிகளிலும் வீட்டு முற்றங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்தே வின்கிறிஸ்டின் பெறப்பட்டது. 1960களின் முற்பகுதியிலிருந்து அது சிறுவர்களின் லியூக்கேமியாச் சிகிச்சையில் நீங்காத இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது என் முதற்குறை. கனடாவில் ரொபர்ட் நோபலும் சார்ள்ஸ் பியரும் அந்த இலையை நீரிழிவுக்கென்று சோதித்தார்கள். இலைச் சாறு ஏற்றப்பட்ட எலிகளில் வெண்குருதிக் கலங்கள் வீழ்ந்ததைக் கண்ட பிறகுதான் தேடலின் திசை மாறியது. விலங்கில் கண்ட விளைவு முதலில் வந்தது. மூலக்கூறு அதன் பின் வந்தது. பிரித்தெடுத்த மருந்து மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தினுள் மட்டும் ஏற்றப்படுகிறது. தவறுதலாக முண்ணாண் பாய்மத்தினுள் ஏற்றினால் உயிரைக் கொல்லும். அந்தப் பூச்செடியின் இலையை அவித்துக் குடிப்பது நஞ்சைக் குடிப்பதாகும்.

முதற்கட்டக் கணிப்பும் அதில் கண்டதும்

முருங்கை, வேம்பு, நொச்சி, வல்லாரை, தூதுவளை, கீழ்காய்நெல்லி என இப்பகுதி வீடுகளில் பழகிய தாவரங்களிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட சேர்மங்களை மாணவர்கள் தொகுத்தார்கள். புரதக் கட்டமைப்புகளின் வங்கியிலிருந்து 2ஜி.கியூ.ஜி. என்ற குறியீடுடைய ஏபிஎல் கட்டமைப்பைப் பதிவிறக்கினார்கள். தெரிந்த மருந்தொன்றுடன் ஒப்பிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தபடியால் இமாட்டினிப்பையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

டொக்கிங்கின் விடை, கிலோகலோரியில் தரப்படும் ஓர் எதிர்க்கணிய எண். எதிர்ப்பக்கம் எவ்வளவு பெரிதோ, பிணைப்பு அவ்வளவு இறுக்கமானது என்று மென்பொருள் கணிக்கிறது. பட்டியலின் உச்சியில் ரூட்டின் என்ற சேர்மம் நின்றது. அது முருங்கையிலையிலும் வேறு பல இலைகளிலும் உள்ளது. அடுத்த சில இடங்களும் சர்க்கரை ஒட்டிய பெரிய மூலக்கூறுகளுக்கே கிடைத்திருந்தன. இமாட்டினிப் ரூட்டினுக்குக் கீழே வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு கிலோகலோரிக்கும் குறைவு.

உலகமெங்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளர்களைக் காப்பாற்றிவரும் மருந்து, அதன் சொந்தப் புரதத்திலேயே ஓர் இலைச் சேர்மத்துக்குப் பின்னால் நின்றால், முதலில் எழ வேண்டிய கேள்வி கணிப்பில் எங்கே பிழை என்பதுதான். நான் அதைக் கேட்கவில்லை. மாணவர்களின் முகத்திலிருந்த மகிழ்ச்சியைக் கண்டு, அறிக்கையை எழுதத் தொடங்குங்கள் என்றேன். அன்று மாலை அந்த ஒரு கேள்வியுடன் அமர்ந்திருந்தால், கீழே வரும் எதுவும் நடந்திராது.

கண்காட்சிப் பதாகை

சில வாரங்களின் பின் ஒரு பாடசாலை மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. பொதுமக்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக மாணவர்கள் பதாகையைத் தமிழில் எழுதினார்கள்; அதை நான் மனமார வரவேற்றேன். பதாகையின் நடுவில், “முருங்கையிலையிலுள்ள ரூட்டின், குருதிப் புற்றுநோய்ப் புரதத்துடன் இமாட்டினிப்பை விடச் சிறப்பாகப் பிணைகிறது” என்று பெரிய எழுத்தில் இருந்தது. இது கணினிக் கணிப்பு என்ற குறிப்பு கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. யாரோ படம் பிடித்தபோது கீழ் மூலை படத்துக்கு வெளியே போய்விட்டது. படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. குச்சவெளியிலும் கிண்ணியாவிலும் உள்ளவர்கள் கூட அதைப் பார்த்ததாகப் பின்னர் அறிந்தோம்.

நோயாளி

கண்காட்சி முடிந்து இரண்டு மாதம் ஆகும் தறுவாயில், நால்வரில் ஒரு மாணவி அழுதபடி என் அறைக்கு வந்தார். அவருடைய தாயின் ஒன்றுவிட்ட சகோதரர், ஐம்பது வயதைக் கடந்த கடற்றொழிலாளி, மூன்று ஆண்டுகளாக இதே நோய்க்கு இமாட்டினிப் 400 மில்லிகிராம் நாள்தோறும் எடுத்து வந்தவர். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஏழு வாரங்களாக முருங்கையிலைச் சாறு குடித்து வருகிறார் என்பது அன்றுதான் மாணவிக்குத் தெரியவந்திருந்தது.

அன்று பிற்பகலே அந்தக் கடற்றொழிலாளியின் வீட்டுக்குப் போனோம். அவர் அறியாமையால் அப்படிச் செய்தவர் அல்லர். மாத்திரையால் கால் தசைகள் இரவில் பிடித்திழுக்கும். முகமும் கண்ணிமைகளும் வீங்கும். வலை இழுக்கும் தொழிலுக்கு அது பெரும் இடையூறு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது, மாவட்டத்துக்கு வெளியேயுள்ள கிளினிக்குக்குப் போக முடியாமல் சில வாரங்கள் மாத்திரை இல்லாமலே இருந்திருக்கிறார். அப்போது உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய மனத்தில் பதிந்திருந்தது. அந்த நிலையில்தான் மருமகளின் படிப்பிடத்திலிருந்து அந்தப் பதாகைப் படம் வந்து சேர்ந்தது.

“மிஸ், பரியாரியார் சொல்லியிருந்தால் நான் யோசிச்சிருப்பன். நீங்கள் படிச்ச ஆக்கள் எழுதினதைத்தானே நம்பினனான்” என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை.

அன்று எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது, அவரிடம் என்ன சொல்வது என்பதே. “மாத்திரையைத் தொடங்குங்கள்” என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் வைத்தியர் அல்ல. ஆனால் எங்கள் பதாகை தவறானது என்று சொல்லும் தகுதியும் கடமையும் எனக்கு இருந்தன. அதையே சொன்னேன். கணினியில் ஒரு படத்தை இன்னொரு படத்துக்குள் பொருத்திப் பார்த்தோம். எந்த உயிருள்ள கலத்திலும் எந்த மனிதரிலும் சோதிக்கவில்லை. முருங்கையிலை உங்கள் நோயை அடக்கும் என்பதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை என்று அவருக்கும் மனைவிக்கும் விளங்கும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னேன். முருங்கையிலையைக் கறியாக உண்பதில் அவர் அஞ்ச வேண்டியதில்லை என்றும், ஆபத்து மாத்திரையை விட்டதில்தான் என்றும் பிரித்துச் சொன்னோம். இலையைக் குற்றவாளியாக்கினால் அவர் எங்கள் சொல்லை அடியோடு தள்ளிவிடுவார் என்று மாணவி எச்சரித்திருந்தார். அது சரியான கணிப்பு.

இரண்டாவது, கிளினிக்குக்கு யார் அறிவிப்பது. அவருக்குத் தெரியாமல் நாங்களே தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. அது அவருடைய நோய் விவரத்தை அவருடைய அனுமதியின்றி வெளியிடுவதாகும் என்பதால் கைவிட்டோம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போக அவர் சம்மதித்தார். “மாமா, ஏசமாட்டினம், நானும் வாறன்” என்று மாணவி கூடச் சென்றார். குடும்பத்தவர் ஒருவர் கூடப் போனது, நாங்கள் செய்த எல்லாவற்றிலும் கூடிய பலன் தந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது முடிவில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. கணிப்பைத் திருத்திய பின் பதாகைக்கு மறுப்பு வெளியிடலாம் என்பது ஒரு தரப்பு. மறுப்பை உடனே வெளியிட்டுவிட்டுக் கணிப்பைப் பின்னர் திருத்தலாம் என்பது மற்றத் தரப்பு. வேறு எத்தனை வீடுகளில் இதே நடக்கிறது என்பது தெரியாத நிலையில் காத்திருக்க நியாயமில்லை என்று கருதி, அன்றிரவே, அதே வாட்ஸ்அப் குழுக்களில், அதே பெரிய எழுத்தில், அதே தமிழில் மறுப்பை அனுப்பினோம்.

மீளாய்வில் வெளிப்பட்டவை

அடுத்த மூன்று வாரங்கள் கணிப்பை மீண்டும் அடியிலிருந்து செய்தோம். கற்றுக்கொள்வோருக்கு இந்தப் பகுதியே அதிகம் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதற்பிழை புரதக் கட்டமைப்பின் தேர்வில் இருந்தது. ஏபிஎல் நொதியம் ஒரே வடிவில் உறைந்து நிற்பதில்லை. அஸ்பாட்டிக் அமிலம், பீனைல்அலனின், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களாலான சிறு பகுதி உட்பக்கம் திரும்பியிருக்கும்போது நொதியம் இயங்கும். வெளிப்பக்கம் திரும்பும்போது ஓயும். இமாட்டினிப் பிணைவது ஓய்ந்த வடிவில். அப்போதுதான் அதன் நீண்ட உடலுக்கு வேண்டிய ஆழமான குழி திறக்கிறது. மாணவர்கள் எடுத்த 2ஜி.கியூ.ஜி. கட்டமைப்போ டசாட்டினிப் என்ற வேறொரு மருந்துடன் கூடிய, இயங்கும் வடிவம். அந்தக் குழி அங்கே மூடியிருக்கிறது. இமாட்டினிப் நுழைய முடியாத இடத்தில் அதைத் தள்ளிப் பார்த்து, அதற்குக் கிடைத்த தாழ்ந்த எண்ணுடன் ரூட்டினை ஒப்பிட்டிருக்கிறோம். ரூட்டின் உயரவில்லை, இமாட்டினிப்பை நாங்களே தாழ்த்தியிருக்கிறோம்.

இமாட்டினிப்புடன் கூடிய 1ஐ.ஈ.பி. என்ற கட்டமைப்பை எடுத்து, அதிலிருந்து மருந்தை நீக்கி, மீண்டும் அதே இடத்தில் பொருத்திப் பார்த்தோம். (இது சுண்டெலியின் புரதம், இந்தப் பகுதியில் மனிதப் புரதத்துடன் ஏறக்குறைய முழுவதும் ஒத்தது.) மென்பொருள் தந்த நிலை, புரதப் படிகத்தில் ஆய்வாளர்கள் கண்ட நிலையிலிருந்து 2 அங்ஸ்ட்ரோமுக்குள் (அணுக்களுக்கிடையிலான தூரத்தை அளக்கும் அலகு) விலகினால் முறை ஏற்கத்தக்கது என்பது வழக்கமான அளவுகோல். அந்த எல்லைக்குள் வந்தது. புரதச் சங்கிலியின் 318ஆம் இடத்திலுள்ள மெதியோனின், 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களுடனான ஐதரசன் பிணைப்புகளும் உரிய இடத்தில் தெரிந்தன. எண் −12 கிலோகலோரியையும் தாண்டியது. ரூட்டின் வெகுதூரம் பின்தங்கியது. தெரிந்த மருந்தை அதன் சொந்த இருப்பிடத்தில் வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு மடிக்கணினியில் ஒரு மணித்தியாலமும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, எண்ணின் துல்லியத்தைப் பற்றிய எங்கள் அறியாமை. வீனாவை உருவாக்கியவர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அதன் நியமப் பிழை 2.85 கிலோகலோரி என்று தந்திருக்கிறார்கள். உடல் வெப்பநிலையில் சுமார் 1.4 கிலோகலோரி மாறினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். ஆகவே ஒரு கிலோகலோரிக்கும் குறைந்த வேறுபாட்டை வைத்து ஒன்று மற்றொன்றை விடச் சிறந்தது என்று எழுதியதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

மூன்றாவது பிழை பருமனால் வந்தது. பெரிய மூலக்கூறுக்குத் தொடுவதற்கு இடம் அதிகம். ஆதலால் அதற்கு நல்ல எண் கிடைக்கும். இதைச் சோதிக்க, ஏபிஎல்லுக்கான மருந்து என்று எவரும் கருதாத ஹெஸ்பெரிடினை எடுத்தோம். தோடம்பழத் தோலில் உள்ள அதன் மூலக்கூற்றுத் திணிவு ரூட்டினைப் போலவே ஏறத்தாழ 610. பழைய கட்டமைப்பில் அதற்கும் ரூட்டினுக்கும் கிடைத்த எண்களைப் பிரித்தறிய முடியவில்லை. இந்த விடை கணினித் திரையில் வந்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை.

நான்காவது, மூலக்கூறு உடலுக்குள் போகும் வழியை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. வாய்வழி மருந்துக்கு மருந்தாய்வாளர் லிபின்ஸ்கி 1997இல் வகுத்த அளவுகோல்படி திணிவு 500ஐயும், ஐதரசன் பிணைப்புக்கு ஐதரசனை வழங்கும் இடங்கள் 5ஐயும், ஏற்கும் இடங்கள் 10ஐயும் தாண்டாதிருப்பது நன்று. ரூட்டினில் வழங்கும் இடங்கள் 10, ஏற்கும் இடங்கள் 16. அது முழுமையாகக் குருதியை அடைவதும் அரிது. பெருங்குடலின் பற்றீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றிவிடும். எஞ்சும் குவர்செட்டினையும் குடற்சுவரும் ஈரலும் விரைவில் வேறு வடிவங்களாக மாற்றிவிடும். நாங்கள் திரையில் பொருத்திப் பார்த்த மூலக்கூறு, சாறு குடித்தவரின் என்பு மச்சையை அந்த வடிவில் சென்றடையாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதே நோய்க்கு 2012இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒமாசெட்டாக்சின் ஒரு தாவரச் சேர்மமே. செபலோடாக்சஸ் என்ற ஊசியிலை மர இனத்திலிருந்து வந்தது. ஆனால் அது ஏபிஎல்லின் குழியில் பிணைந்து வேலை செய்வதில்லை. கலத்தின் புரத உற்பத்தியையே தடுக்கிறது. எங்கள் தேடலில் அதைச் சேர்த்திருந்தால், ஏபிஎல்லுடன் பொருத்திப் பார்க்கும் கணிப்பு அதை உண்மையான காரணத்துக்காக ஒருபோதும் தேர்ந்திருக்காது. ஒரே புரதத்தை மட்டும் நோக்கும் தேடல், தவறானதை மேலே கொண்டுவருவதோடு நில்லாமல் சரியானதைத் தவறவிடவும் கூடும்.

பின்னர் நடந்தவை

கிளினிக்கில் அவரை யாரும் ஏசவில்லை. குருதி மாதிரி எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முன்னைய பரிசோதனைகளில் சர்வதேச அளவுகோலில் 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருந்த, நோய் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் பிசிஆர்–ஏபிஎல் அளவு, இம்முறை 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. குருதிக் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அவருக்கு உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாததன் காரணமும் அதுதான். நோய் திரும்புவதை இந்த மூலக்கூற்றுப் பரிசோதனை முதலில் காட்டும். உடம்பு மிகப் பின்னரே காட்டும்.

இமாட்டினிப் மீண்டும் தொடங்கப்பட்டது. சிலர் மாத்திரையை நிறுத்தியும் நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று அவர் சொன்னபோது, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டே வைத்தியர் விளக்கினார். ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்து, 0.01 சதவீதத்துக்கும் கீழே குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலைத்திருப்பவர்கள், அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்திப் பார்க்கலாம். அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் திரும்பும். அவர் அந்த நிலையை எட்டியிருக்கவில்லை. தசைப்பிடிப்பையும் வீக்கத்தையும் பற்றி அவர் அன்றுதான் வைத்தியரிடம் முதன்முறையாக வாய் திறந்தார். மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு எடுக்கும்படி மாற்றி, வீக்கத்துக்கும் வழி சொன்னார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதங்களின் பின் அவருடைய அளவு மீண்டும் 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

மாணவர்கள் அறிக்கையை மாற்றி எழுதினார்கள். புதிய தலைப்பு, கட்டமைப்புத் தேர்வு டொக்கிங் தரவரிசையை எவ்வாறு திரிக்கிறது என்பது. புள்ளி வழங்கியவர்கள் அதைக் குறைவாக மதிக்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது எங்கள் பிரிவில் எந்த டொக்கிங் ஆய்வும் தெரிந்த மருந்தை அதன் சொந்தக் கட்டமைப்பில் திரும்பப் பொருத்திக் காட்டாமல் அடுத்த படிக்குப் போவதில்லை. அதே பருமனுள்ள, தொடர்பற்ற மூலக்கூறுகளையும் பட்டியலில் கலந்துவிடுகிறோம். தேடல் அவற்றைக் கீழே தள்ளாவிட்டால் அந்தத் தேடலை நம்புவதில்லை. ஒவ்வொரு கணிப்பையும் வெவ்வேறு தொடக்க எண்களுடன் பலமுறை ஓட்டுகிறோம். இமாட்டினிப்புக்கு இடங்கொடாத டி315ஐ என்ற விகாரத்தையும் (மரபணு மாற்றத்தால் திரிந்த புரத வடிவம்) பார்க்கச் சொல்கிறேன். அங்கே திரியோனினுக்குப் பதிலாக வரும் ஐசோலியூசின் ஒரு ஐதரசன் பிணைப்பை இல்லாமற் செய்து வழியையும் மறிப்பதை மாணவர் தம் கண்ணால் கண்டால், ஒரு புரதத்தில் ஓர் அமினோ அமிலம் எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும்.

பொதுமக்களுக்கான தமிழ்ப் பதாகையை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், நான் உடன்படவில்லை. தமிழில் எழுதியது பிழையன்று, சோதிக்காததைச் சோதித்ததுபோல் எழுதியதே பிழை. இப்போது நோயின் பெயர் வரும் எந்தப் பதாகையிலும், எந்த மனிதரிலும் இது சோதிக்கப்படவில்லை, எடுத்துவரும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்ற வரி தலைப்புக்கு நேர் கீழே, தலைப்பின் அளவிலேயே இருக்கும். அச்சுக்குப் போகுமுன், துறைக்கு வெளியேயுள்ள ஒருவர் அதை வாசித்து, தமக்கு என்ன விளங்கியது என்று எங்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். கடந்த முறை அந்த வாசகராக வந்தவர் நோயாளியின் மனைவி.

பழைய படம் இன்னும் சுற்றுகிறது. எங்கள் மறுப்பு அது போன இடமெல்லாம் போகவில்லை. சில வாரங்களுக்கு முன் மூதூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தன் தாய்க்கு எத்தனை பிடி முருங்கையிலை அவிக்க வேண்டும் என்று கேட்டார். தாய்க்கு என்ன நோய், எந்தக் கிளினிக், என்ன மாத்திரை என்று விசாரித்தேன். மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை என்றார். நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பதாகை எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்பதிலிருந்து தொடங்கி, நடந்த எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன்.